மூன்று நாடும் ஒரு காலி பாட்டிலும்

ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது என்றதும் ஆபீஸில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: "அங்கேயிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?" ஜெர்மனியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. ஐரோப்பாவில் வேலை என்றால் நம் மனசில் ஓடுகிற சினிமா அப்படி. ஐந்து நாள் கம்ப்யூட்டர், சனி ஞாயிறு பக்கத்து நாடு, திங்கட்கிழமை போட்டோ.

சினிமா பொய்யில்லை. இடைவேளைக்கு முன்னால் வருகிற பாகத்தைத்தான் யாரும் சொல்வதில்லை.

என் ஊர் ஆகன். ஜெர்மனியின் மேற்குக் கோடி. சார்லமேன் சக்கரவர்த்தியை 814-ல் அடக்கம் செய்த தேவாலயம் இங்கேதான் இருக்கிறது. 1978-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியலைப் போட்டபோது அதில் இருந்த பன்னிரண்டு இடங்களில் இதுவும் ஒன்று. ஊர் நடுவே வெந்நீர் ஊற்று. அழுகின முட்டை வாசனை. இதெல்லாம் டூரிஸ்ட்டுக்கு. குடியிருக்க வந்தவனுக்கு முதலில் தேவைப்படுவது 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்'. ஒரே மூச்சில் சொல்கிறவனுக்குக் குடியுரிமையே கொடுத்துவிடலாம். ஒன்றுமில்லை சார், 'இவருக்கு நான் வீடு கொடுத்திருக்கிறேன்' என்று வீட்டுக்காரர் எழுதித்தரும் காகிதம். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் அதை எடுத்துக்கொண்டு போய் ஊர் அலுவலகத்தில் பெயரைப் பதிய வேண்டும்.

காகிதம் கிடைத்தது. வீட்டைத் திறந்தால் சமையலறையில் இரண்டு குழாய் முனையும் ஒரு பிளக் பாயின்ட்டும் மட்டும் என்னைப் பார்த்தன. அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் முந்தின குடித்தனக்காரர் கழற்றிக்கொண்டு போயிருந்தார். பல்பைக்கூட விடவில்லை. இங்கே அதுதான் வழக்கமாம். ரசம் கொதிக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை பிரெட்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. சுவரில் டிரில் போடக்கூடாது. காலி கண்ணாடி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போடக்கூடாது, 'ணங்' சத்தம் ஊரின் ஓய்வைக் கெடுக்கும். மற்ற நாளிலும் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பார்த்துத்தான் போட வேண்டும். நீல பாட்டில் எங்கே போகும்? பச்சையில். இதற்கு நானே ஒரு சாயங்காலம் படித்துத் தேறினேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் என்னை முதன்முதலில் வெளிநாட்டுக்கு அனுப்பியது. தயிர் தீர்ந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நெதர்லாந்தின் வால்ஸ் என்கிற சின்ன ஊர். அங்கே ஞாயிறும் சூப்பர் மார்க்கெட் உண்டு. பாதி ஆகன் அங்கே கூடை தூக்கி நிற்கிறது. எல்லை வந்தது எப்படித் தெரியும் என்கிறீர்களா? போர்டில் எழுத்து மாறும், வீட்டு ஜன்னலில் திரைச்சீலை காணாமல் போகும். அவ்வளவுதான். போன்கூட அசையாது, 2017 ஜூனிலிருந்து ரோமிங் கட்டணம் கிடையாது. அதே பாதையில் இன்னும் போனால் மாஸ்ட்ரிக்ட். 1294-ல் பிரதிஷ்டை செய்த தேவாலயத்துக்குள் ஒரு புத்தகக்கடை வைத்திருக்கிறார்கள். ரயிலில் இன்னொரு பக்கம் போனால் பெல்ஜியத்தின் லியேஜ், சர்க்கரைக் கட்டி பல்லில் கடிபடும் வாஃபிள். சம்பளம் வந்த வாரத்தில் நானும் மூன்று நாட்டுக்குப் போட்டோ போட்டேன், மறுக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லை கறாராக இருக்கிறது. தண்ணீர் பாட்டில். ஜெர்மனியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் டெபாசிட். காலி பாட்டிலைக் கடை மெஷினில் வைத்தால் பணம் திரும்ப வரும். நெதர்லாந்திலும் இதே ஏற்பாடு உண்டு. ஆனால் டச்சு பாட்டிலை ஜெர்மன் மெஷினில் வைத்தால் சுழற்றிப் பார்க்கும், லேபிளைப் படிக்கும், வெளியே துப்பிவிடும். நான்கு கிலோமீட்டர் தள்ளி வாங்கின அதே தண்ணீர்.

பெல்ஜியத்திலிருந்து திரும்பும் ரயிலில் ஒருநாள் போலீஸ் ஏறியபோது இந்த மெஷின்தான் ஞாபகம் வந்தது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியிருந்தது. என் பெட்டியில் ஏழெட்டுப் பேர். என்னிடமும் இன்னொரு கறுத்த இளைஞனிடமும் மட்டும் கேட்டார்கள். மரியாதையாகத்தான். பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அட்டையையும் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றி சொல்லித் தந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அடுத்த ஸ்டேஷன் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் பெல்ஜியத்துக்காரர். தினமும் எல்லை தாண்டித்தான் வேலைக்கு வருகிறார். பாஸ்போர்ட் வீட்டில் எந்த டிராயரில் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. என் அட்டை எந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வேலையும் அந்த அட்டையும் ஒன்றாய்க் கட்டிப்போட்ட மாடுகள். ஒன்று அவிழ்த்துக்கொண்டால் இன்னொன்றுக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

அம்மாவை ஐந்து வாரத்துக்கு அழைக்க நினைத்தபோது இது இன்னும் நன்றாகப் புரிந்தது. செலவு என் பொறுப்பு என்று இங்கே ஆபீஸரிடம் உறுதிமொழி, 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ், அம்மாவின் பேங்க் புத்தகம், திரும்பிப் போவார் என்பதற்கு அத்தாட்சி. கும்பகோணத்தில் வீடு, வாசல், துளசி மாடம், வெள்ளிக்கிழமை கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அறுபத்திமூன்று வயசில் ஆகனில் பதுங்கிக்கொள்ளப்போகிறாரா என்ன? அம்மா சென்னைக்கு ராத்திரி பஸ் பிடித்துப் போய்ப் பத்து விரலையும் பதித்துவிட்டு வந்தார். விசா வரும்வரை தினமும் போனில், "வேண்டாம்னு சொல்லிட்டா உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதேப்பா?" என்பார். தனக்காகக் கவலைப்படவில்லை.

வந்தார். அவரை மூன்று நாடும் சந்திக்கும் குன்றுக்கு அழைத்துப்போனேன். 322 மீட்டர் உயரம். இதைத்தான் நெதர்லாந்துக்காரர்கள் மலை என்கிறார்கள். உச்சியில் ஒரு கல். ஒரு பக்கம் ஜெர்மனி, ஒரு பக்கம் பெல்ஜியம், ஒரு பக்கம் நெதர்லாந்து. ஒரு காலத்தில் நான்காவதாகவும் ஒன்று இருந்தது. துத்தநாகச் சுரங்கம் யாருக்கு என்று முடிவாகாமல், 1816-ல் மூன்றரை சதுர கிலோமீட்டரை யாருக்கும் இல்லாமல் விட்டுவைத்தார்கள். மோரெஸ்நெட் என்று பெயர். 1920-ல் பெல்ஜியம் எடுத்துக்கொண்டது. இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கோடு எங்கேப்பா?"

"இதோ இதுதாம்மா."

காலால் தொட்டுப் பார்த்தார். குழந்தைகள் மூன்று நாட்டுக்கும் தாவித் தாவி ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் எந்த நாடு என்று பார்க்காமல் காலைத் தூக்கியது.

"இதைத் தாண்டறதுக்கா பத்து விரலையும் வாங்கினாங்க?" என்றார்.

பெல்ஜியம் பக்கம் போய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளையாக மேலே ஊற்றியிருப்பது முட்டையா என்று விசாரித்து ஒதுக்கிவைத்தார். தண்ணீரைக் குடித்து முடித்ததும் காலி பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"இது எந்த ஊர் பாட்டில்னு பார்த்து வச்சுக்கோ."