பறைக்கு இடம் விடுதல்

டிஸ்டார்ஷன் கிட்டாரும் பறையும் ஒரே பாட்டில் வந்தால், ஒதுங்க வேண்டியது கிட்டார்தான். கனகம்மாசத்திரத்தில், லாரிகள் ஓயாத திருப்பதி ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கும் ஓர் அறையில் எங்கள் இசைக்குழுவின் ஆல்பத்தைப் பதிவுசெய்தபோது மற்ற எல்லா முடிவுகளும் இதையொட்டித்தான் அமைந்தன.

பறையில் அடிக்குச்சி கனத்தைக் கொடுக்கும். நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி சுள்ளென்று தெறிக்கும். அந்தத் தெறிப்பு கேட்கிற 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில்தான் கிட்டாரின் இரைச்சலும் வந்து அடைத்துக்கொள்கிறது. மிக்ஸிங்கில் பறையை ஏற்றினால் இரண்டும் சேர்ந்து காதைக் குத்தும். கிட்டாரில் அந்தப் பகுதியை மட்டும் இறக்கிப் பாருங்கள், பறை தானாக முன்னே வரும். தனியாகக் கேட்டால் கிட்டார் சப்பென்றிருக்கும், இருக்கட்டும்.

இந்தத் துணிச்சலை எனக்கு தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கொடுத்தது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் தென்மாவும் உருவாக்கிய அந்தக் குழு, அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து பெயரெடுத்து, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியது. 19 பேர். பறையும் சட்டியும் கட்டமோளமும் அங்கே பாட்டுக்கு அலங்காரமாக வரவில்லை. பாட்டையே அவைதான் இழுத்துப் போயின. கிட்டார் ஒதுங்குவதற்கு இன்னொரு முன்மாதிரியும் உண்டு. லண்டனின் பங்க் குழுவான தி கிளாஷ் 1980இல் 'சாண்டினிஸ்டா!' ஆல்பத்தை மூன்று இசைத்தட்டுகளில் 36 பாடல்களாக வெளியிட்டது. அதில் ரெகேவும் டப்பும் வரும் இடங்களில் பேஸ் முன்னால் வந்து கிட்டார் பின்வாங்கும். பங்க் என்றால் நான் மதிப்பது அந்த விட்டுக்கொடுத்தலைத்தான், கத்தலை அல்ல.

பதிவின் நடுவே பறைக்கார அண்ணன் குச்சியை நிறுத்துவார். "தோலு எறங்கிடுச்சு தம்பி, காய்ச்சணும்." வெளியே வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்ப்பார். அந்த 'டங்' கணீரென்று ஏறும்வரை நாங்கள் காத்திருப்போம். மார்கழிப் பனியில் தோல் இன்னும் சீக்கிரம் தளரும். அதனால் வேகமான பாட்டுகளைக் காய்ச்சிய கையோடு எடுத்தோம். சூடு தணிந்து குரல் தடித்த பிறகு நிதானமானவற்றை எடுத்தோம். கிளிக் டிராக் போடவில்லை. அடி ஏற ஏற வேகமும் ஏறுவது பறையின் இயல்பு, டிரம்ஸ் அதன் பின்னால் ஓடிப் பிடித்தது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போகும் காவடிகளோடு வருகிற பம்பையை அடுத்த பதிவில் சேர்க்கப்போகிறோம். அதன் கும்மென்ற அடி பேஸ் இருக்கிற இடத்தில் விழும். இந்த முறை ஒதுங்க வேண்டியது பேஸ். எங்கள் பேஸ் வாசிப்பவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.