காலம் கரந்த எண்

தமிழ் கற்பிப்போர்க்குக் கணிப்பொறியின் கட்டளை மொழியில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். பல்லாண்டுகளாக இலக்கணம் பயிற்றுவித்துவரும் யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். 2019-ஆம் ஆண்டில் எம் கையாலேயே நேர்ந்த ஓர் இழப்பு அவ்வெண்ணத்தை மாற்றியது. அதனை மறைக்காமல் ஈண்டு எழுதுகின்றோம்.

அவ்வாண்டு எம் முதுகலை மாணவர்கள் தத்தம் ஊர்களில் மூதாட்டியர் பாடிய தாலாட்டுகளைக் கைப்பேசியில் பதிவு செய்து கொணர்ந்தனர். மொத்தம் 41 ஒலிக்கோப்புகள். அவற்றைப் பாடல்1, பாடல்2 என வரிசையாகப் பெயரிட்டு வேறொரு கோப்புறைக்கு மாற்ற விரும்பினோம். பல கட்டளைகளை எழுதிவைத்து, விண்டோஸ் கணினி அவற்றை ஒரே மூச்சில் நிறைவேற்றச் செய்யும் ‘பேட்ச்’ கோப்பு ஒன்றை நூல் பார்த்து யாமே எழுதினோம். ‘எண்’ என்னும் மாறிக்குத் தொடக்கத்தில் 0 என மதிப்பளித்தோம். பின்னர் ‘ஃபார்’ என்னும் சுழற்சிக் கட்டளையின் அடைப்புக்குறிக்குள் இரண்டு வரிகள் அமைத்தோம். எண்ணோடு ஒன்றைக் கூட்டுக என்பது முதல் வரி. கோப்பினைப் ‘பாடல்%எண்%’ என்னும் பெயருக்கு நகர்த்துக என்பது இரண்டாம் வரி.

ஒரு கோப்பு நகர்த்தப்பட்டது என்னும் செய்தி திரையில் 41 முறை வந்தது. சுழற்சி முடிந்தபின் எண்ணின் மதிப்பைக் காட்டச் செய்தோம். 41 என்றே காட்டியது. மகிழ்ந்து கோப்புறையைத் திறந்தோம். உள்ளே இருந்தது பாடல்0 என்னும் ஒரே கோப்பு! ஒவ்வொரு பாடலும் தனக்கு முந்திய பாடலின் இடத்தில் அமர்ந்து அதனை அழித்துவிட்டிருந்தது. நேரே தட்டச்சு செய்த கட்டளையாயின், பழையதன்மேல் எழுதலாமா என்று கணினி கேட்டிருக்கும். பேட்ச் கோப்பினுள் ‘மூவ்’ கட்டளை அவ்வாறு கேட்பதில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம்.

கணிப்பொறித் துறை மாணவர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். அவர் இரண்டு நிமிடங்களில் பிழையைக் கண்டார்.

“ஐயா, கூட்டல் சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் அடைப்புக்குறிக்குள் உள்ளது முழுவதையும் கணினி முதலில் ஒன்றாகப் படித்துவிடும். படிக்கும்போதே %எண்% என்பதை நீக்கி, அந்நேரத்து மதிப்பாகிய 0-ஐ அவ்விடத்தில் வைத்துவிடும். அதன் பிறகுதான் சுழற்சி தொடங்கும். ஆகவே 41 முறையும் அந்தப் பழைய 0-தான்” என்றார்.

தீர்வும் அவரே கூறினார். கோப்பின் தொடக்கத்தில் ‘செட்லோக்கல் எனேபிள்டிலேய்டுஎக்ஸ்பேன்ஷன்’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் !எண்! என வியப்புக்குறி இட்டால், ஒவ்வொரு சுற்றிலும் அவ்வரி நிறைவேறும் நேரத்து மதிப்பே வரும். கோப்பின் பெயரிலேயே வியப்புக்குறி இருந்தால் மட்டும் அஃது உதிர்ந்துபோகும். அத்தகைய பெயர்களை முன்பே திருத்திக்கொள்ளல் வேண்டும். “எல்லாவற்றிற்கும் மேலாக, நகர்த்தும் வரியின் முன்னே ‘எக்கோ’ என்று சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், ஐயா. எதையும் செய்யாமல், செய்யப்போவதை மட்டும் காட்டும்” என்றார். அங்ஙனம் செய்திருந்தால் பாடல்0, பாடல்0 என்று 41 வரிகள் எம்மை எச்சரித்திருக்கும்.

கேட்டபோது எமக்கு வினைத்தொகை நினைவுக்கு வந்தது. ‘ஊறிய காய்’ என்றால் காலம் முடிந்துவிட்டது. ‘ஊறுகாய்’ என்றாலோ காலம் உள்ளே கரந்து நிற்கும். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று இடத்திற்கேற்ப விரியும். %எண்% முன்னதைப் போன்றது; !எண்! பின்னதைப் போன்றது. எப்போது விரிப்பது என்பதே இலக்கணத்திலும் கட்டளையிலும் பொருளை முடிவு செய்கின்றது.

அழிந்த பாடல்களை மீட்க மாணவர்களை நாடினோம். பலர் தம் கைப்பேசியிலிருந்து பதிவுகளை நீக்கிவிட்டிருந்தனர். ஒரு மாணவர் மட்டும், தம் நண்பர்களின் பதிவுகளையும் சேர்த்து, பாடியவர் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிப் பாதுகாத்து வைத்திருந்தார். அவரால் 38 பாடல்கள் திரும்பக் கிடைத்தன. முதலாண்டின் முதல் தேர்வில் அவர் விடைத்தாளைக் கண்டு, ‘பொறுப்பற்றவர்’ என்று எம் மனத்தில் ஒரு மதிப்பு எழுதியிருந்தோம். அதன்பின் ஈராண்டு அவர் எம் எதிரே அமர்ந்து வளர்ந்திருக்கின்றார். யாமோ அந்தப் பழைய மதிப்பையே படித்துக்கொண்டிருந்திருக்கின்றோம்.

பாடல்0 ஆக எஞ்சியது ஒன்று. மீளாத இரண்டினுள் ஒன்றை அம்மூதாட்டியார் மனமுவந்து மீண்டும் பாடித் தந்தார். மற்றொருவரின் இல்லத்திற்குச் சென்றபோது, அவர் மறைந்து இருபது நாள்கள் ஆகியிருந்தன. அவருடைய மகளாரிடம் நிகழ்ந்ததைக் கூறி மன்னிப்பு வேண்டினோம். “உம்மா பாடினது எனக்கும் பாதிதான் தெரியும்” என்று கூறி, அந்தப் பாதியைப் பாடினார். அதனைப் பதிவு செய்து, அன்றே இரண்டு படிகள் எடுத்தோம்.

மாணவச் செல்வங்களே, கணினியில் ஒரு கட்டளையை ஓட்டுமுன் முதலில் காட்டச் சொல்லுங்கள். மூலத்திற்கு ஒரு படி வைத்திருங்கள். மனிதரை மதிப்பிடும்போதோ, முதல்நாள் எழுதிய எண்ணை நம்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகப் படியுங்கள். இது யாம் 40 பாடல்களை அழித்துக் கற்ற பாடம்.