அன்இன்ஸ்டால் பண்ணியும் போகலையே! அத்தையின் கடைக் கம்ப்யூட்டரும் 12 வருடச் சொற்களும்

ஒரு சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்துவிட்டால், அது கம்ப்யூட்டரைவிட்டு முழுசாகப் போய்விட்டது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் பரணில் எதையாவது விட்டுவிட்டுப் போவதில்லையா... இதுவும் அப்படித்தான். பார்வைக்கு வீடு காலி. பரணில் பழைய மூட்டை அப்படியே இருக்கும்.

அந்த மூட்டையில் குப்பையும் இருக்கலாம், நகையும் இருக்கலாம் என்பதை அத்தையின் கடையில்தான் நேரில் பார்த்தேன்.

விழுப்புரம் பக்கம் ஒரு டவுனில், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறார் அத்தை. ஒருநாள் மதியம் கரன்ட் போக, யுபிஎஸ்ஸும் கைவிட, டைப் செய்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. அதன்பிறகு ஆபீஸ் சாஃப்ட்வேர் திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. சர்வீஸ் பார்க்கும் தம்பி வந்து அன்இன்ஸ்டால் செய்து, திரும்ப இன்ஸ்டால் செய்தார். அதே பிரச்னை. மறுநாளும் செய்தார். அதேதான். மூன்றாவது முறை, ``மொத்தமா ஃபார்மட் அடிச்சிடலாம்க்கா'' என்றார்.

அத்தை எனக்கு போன் போட்டார். ``ஏம்மா, ஃபார்மட் அடிச்சா என் சுருக்கமெல்லாம் போயிடுமா?''

``என்ன சுருக்கம் அத்தை?''

``‘கிப’னு அடிச்சு ஸ்பேஸ் தட்டினா ‘கிரயப் பத்திரம்’னு வரும். சுத்துப்பட்டு ஊர் பேரெல்லாம் அப்படித்தான் வெச்சிருக்கேன். 12 வருஷமா சேர்த்ததும்மா.''

ஆட்டோகரெக்ட் வசதியைத்தான் சொல்கிறார். பத்திரத்தில் ஊர்ப் பெயர் தப்பினால், பிறகு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதி அதையும் பதிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால், ஒவ்வொரு பெயரையும் ஆவணத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, ஒருமுறை பதிந்து வைத்துவிடுவது அத்தையின் வழக்கம். அவருடைய வேகமும் நல்ல பெயரும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

ஏன் போகவில்லை?

சனிக்கிழமை பஸ் பிடிப்பதற்கு முன்பு, எங்கள் அலுவலகத்தில் சிஸ்டம் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். ``புரோகிராம் வேற, செட்டிங்ஸ் வேற. அன்இன்ஸ்டால் பண்ணா புரோகிராம்தான் போகும்'' என்றார்.

நாளைக்குப் புது வெர்ஷன் போட்டாலும் நம் பழக்கவழக்கங்கள் மாறாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக, நாம் உருவாக்கிய டெம்ப்ளேட், சேர்த்த சொற்கள், ஆட்டோகரெக்ட் பட்டியல் எல்லாம் தனி ஃபோல்டரில் இருக்கும். அன்இன்ஸ்டால் பொதுவாக அதைத் தொடாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், கரன்ட் போனபோது கெட்டுப்போன ஃபைலும் அதே ஃபோல்டரில் இருந்தால்? எத்தனை முறை இன்ஸ்டால் செய்தாலும் புது புரோகிராம் போய் அதே கெட்ட ஃபைலைத்தான் திறக்கும்.

அத்தையின் தொல்லையும் சொத்தும் ஒரே ஃபோல்டரில் இருந்தன!

அழிக்காதீர்கள், பெயரை மாற்றுங்கள்

விண்டோஸ் பட்டனுடன் ஆர் எழுத்தை அழுத்தினால் ‘ரன்’ பெட்டி வரும். அதில் % குறி, ஆப்டேட்டா, மறுபடி % குறி என ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டினால், ‘ரோமிங்’ என்ற ஃபோல்டர் திறக்கும்.

லிப்ரேஆபீஸ் என்றால், அங்கே அதன் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் ‘4’, அதற்குள் ‘யூசர்’ என்று இருக்கும். எம்.எஸ். ஆபீஸ் என்றால், ‘மைக்ரோசாஃப்ட்’ ஃபோல்டருக்குள் பாருங்கள். ‘டெம்ப்ளேட்ஸ்’ என்பதில் ‘நார்மல்’ என்ற மூல டெம்ப்ளேட், ‘யுப்ரூஃப்’ என்பதில் நீங்கள் சேர்த்த சொற்கள், ‘ஆபீஸ்’ என்பதில் ஆட்டோகரெக்ட் பட்டியல் இருக்கும்.

நானும் அத்தையும் முதலில் அந்த ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்தோம். சாஃப்ட்வேரை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தோம். பிறகு, ஃபோல்டரின் பெயரோடு ‘பழசு’ என்று சேர்த்தோம். பெயர் மாறிவிட்டதால் புது புரோகிராமுக்கு அது கண்ணில் படாது. இன்ஸ்டால் செய்ததும் சாஃப்ட்வேர் திறந்தது, மூடவில்லை. ஆனால் ‘கிப’ என்று தட்டினால் ‘கிப’தான் வந்தது. அத்தை முகம் வாடிவிட்டது.

சாஃப்ட்வேரை மூடிவிட்டு, ‘பழசு’ ஃபோல்டரிலிருந்து ஆட்டோகரெக்ட் ஃபைலை மட்டும் எடுத்துப் புது ஃபோல்டரில் வைத்தோம். மறுபடி ‘கிப’. இந்த முறை ‘கிரயப் பத்திரம்’! ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அத்தை டீ சொல்லி அனுப்பினார்.

நீங்கள் செய்வதற்கு முன்...

அன்இன்ஸ்டாலுக்கு முன்பே முயல வேண்டியவை சில உண்டு. எம்.எஸ். ஆபீஸில் ‘ரிப்பேர்’ வசதி இருக்கிறது. லிப்ரேஆபீஸில் ‘ஹெல்ப்’ மெனுவில் ‘சேஃப் மோட்’ இருக்கிறது. பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

காசு கொடுத்து வாங்கிய சாஃப்ட்வேர் என்றால், எந்த மெயில் ஐடியில் வாங்கியது, பாஸ்வேர்டு என்ன என்று தெரிந்துகொண்ட பிறகே கை வையுங்கள். கம்ப்யூட்டர் விற்றவரே ஒரு மெயில் ஐடி உருவாக்கிக் கொடுத்திருந்தால், அதை முதலில் தேடிப் பிடியுங்கள்.

எம்.எஸ். ஆபீஸில் 32 பிட், 64 பிட் இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் சேர்த்துப் போட முடியாது. பழையது மிச்சம் இருந்தால் புதியது ஏற மறுக்கும். மைக்ரோசாஃப்டின் உதவிப் பக்கத்தில், முழுமையாக நீக்குவதற்கென்றே இலவச வழி இருக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் நாமாகக் கை வைப்பதும், ‘ஒரே கிளிக்கில் சுத்தம்’ என்று விளம்பரம் வரும் ஏதோ ஒரு டூலைப் போடுவதும் வேண்டாம்.

நீங்கள் டைப் செய்து சேமித்த ஃபைல்கள் ஆபீஸ் சாஃப்ட்வேரை நீக்குவதால் அழியாது. ஃபார்மட் அடித்தால்தான் ஆபத்து. ஆனாலும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

போட்டோவுக்கும் வீடியோவுக்கும் காப்பி வைக்கும் நாம், தினமும் கை பழகிய சொற்களை மறந்துவிடுகிறோம். டைப்பிங் கடைக்காரர்கள், ஆசிரியர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள்... உங்களுக்கும் இப்படி ஒரு பட்டியல் இருக்கும். கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே அதை ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்!