வீரையும் பாலையும்

நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு, பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரியும் பலாவும், அதையும் தாண்டினால் நெய்வேலிச் சுரங்கம். இந்த மண்ணுக்கே உரிய காடு எது என்று கேட்டால் கோயில்களின் பக்கம்தான் கைகாட்ட வேண்டியிருக்கிறது. கடலூர் வட்டாரத்தில் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் கோயில் காடுகளின் மரங்களைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் பார்த்தசாரதியும் கார்த்திகேயனும் கணக்கெடுத்து 1997இல் வெளியிட்டார்கள். சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டில் எஞ்சிய துண்டுகள் இவை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, பிறகு மாதக்கணக்கில் வெயிலைத் தாங்கியும் இலை உதிர்க்காமல் நிற்கும் வீரை, பாலை, காசா, இரும்பிலி போன்ற மரங்கள் கலந்த காடு. இதைக் காப்பாற்ற வரும் தன்னார்வலர்கள் நடுவதைக் காட்டிலும் காவல் காப்பதில்தான் அதிக உழைப்பைச் செலவிட வேண்டும் என்பது என் கட்சி. கன்று நடுவது புகைப்படத்துக்கு ஏற்ற வேலை. விறகு வெட்டுவதையும் ஆட்டு மேய்ச்சலையும் ஊராரோடு பேசிக் குறைப்பது, களையைப் பிடுங்குவது, திருப்பணி என்ற பெயரில் சிமென்ட் தரை மரத்தடிவரை வராமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றை யார் படமெடுக்கப் போகிறார்கள்? கனடாவின் வான்கூவர் தீவில் அழியும் நிலையிலுள்ள கேரி ஓக் காட்டுக்குப் போகும் தன்னார்வலர்களும் பெரும்பாலும் அயல்புதரைத்தான் பிடுங்குகிறார்கள்.

'எந்த மரமானால் என்ன, நிழல் நிழல்தானே?' என்பார்கள். பாதி உண்மை. புதுச்சேரியை அடுத்து 1968இல் தொடங்கிய ஆரோவில்லில், அரித்துப்போன செம்மண்ணில் முதலில் வேகமாக வளர்ந்து நிழல் தந்தவற்றில் ஆஸ்திரேலிய அக்கேசியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் நிழலில்தான் நாட்டு மரங்களை வளர்த்தெடுத்தார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அந்த அக்கேசியாக்கள் ஏராளமாகச் சாய்ந்தன. கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும்கூட அந்தப் புயலில் விழுந்தன. விரைந்து வளரும் மரம் காட்டைத் தொடங்கிவைக்கலாம், காடாக நிலைக்காது. பறவையும் பழந்தின்னி வௌவாலும் தேடிவரும் சதைக்கனிகளை அக்கேசியா தருவதில்லை. பறவையும் வௌவாலும் வராவிட்டால் நாட்டு மரங்களின் விதை அதிகம் பரவாது.

இன்னொரு கேள்வி கனமானது: கோயில் காடு ஊராருடையது, வெளியாட்களுக்கு அங்கே என்ன வேலை? நியாயம்தான். அய்யனாருக்கு அஞ்சி வெட்டாமல் விட்டவர்கள் இல்லையென்றால் கணக்கெடுக்க ஒரு மரமும் மிஞ்சியிருக்காது. ஆனால் அந்த அச்சம் தளர்ந்துவருகிறது. சிலைக்கு இருக்கும் மரியாதை புதருக்கு இல்லை. ஆகவே ஊர் கேட்டால் உடனிருப்பதும், கேட்காவிட்டால் காத்திருப்பதும் தன்னார்வலர் வேலையின் பகுதி. காவல் காக்கக் காடே இல்லாத இடங்களும் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்துக்காகத் தோண்டிக் குவித்த மண்மேடுகளில் வீரை உடனே வளராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே முரட்டு மரங்களே முதலில் பிழைக்கும். அவற்றின் நிழல் விழுந்த பிறகு பாலையையும் வீரையையும் கொண்டுவர ஒருவர் நினைத்தால், அதே மாவட்டத்து மண்ணில் பழகிய விதைக்குத் திருமாணிக்குழி போன்ற காடுகளுக்குத்தான் போக வேண்டும்.