ஓடாத வண்டிக்கு வேகம்

சிமுலேட்டர் சவாரியில் வண்டி எங்கும் போவதில்லை. இருக்கை மேடை நின்ற இடத்திலேயே சில அடி அசைகிறது. மீதிப் பயணம் முழுவதும் திரையின் பொறுப்பு. 1987 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் திறக்கப்பட்ட ஸ்டார் டூர்ஸ் இந்த வகையைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுசேர்த்தது. விமானிகளைப் பழக்கும் சிமுலேட்டரை அங்கே கேளிக்கைக்குத் திருப்பினார்கள். விண்கலத்தின் முன்கண்ணாடியாகப் பயணிகள் பார்த்தது, 70 மி.மீ. படம் ஓடிய திரை.

அசைவை உடலுக்குச் சொல்பவை முக்கியமாகக் கண்ணும் உள்காதும். கண்ணை ஏமாற்றுவது எளிது: நிலையத்தில் பக்கத்து ரயில் நகர்ந்தால் நம் ரயிலே கிளம்பிவிட்டதாகத் தோன்றுகிறதே, அதுதான். உள்காது அவ்வளவு ஏமாளி அல்ல. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: வேகம் மாறுவதை உணரும், சீரான வேகத்தை உணராது.

தொழிலின் பாதி இந்தப் பலவீனத்தில்தான் நடக்கிறது. கலம் பாயும்போது மேடை ஒரு சிறு உந்தல் தந்துவிட்டு, மெதுவாகப் பின்னுக்குச் சாய்கிறது. 20 பாகை சாய்ந்தால் உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு முதுகை இருக்கையோடு அழுத்தும். திரையில் கலம் மட்டமாகவே பறந்துகொண்டிருந்தால், அந்த அழுத்தத்தை மூளை வேகம் பிடிப்பதாகவே எடுத்துக்கொள்ளும். சாய்வது விநாடிக்குச் சுமார் 3 பாகையைத் தாண்டினால் உள்காது கண்டுபிடித்துவிடும் என்பது விமானச் சிமுலேட்டர் கணக்கு. கேளிக்கைச் சவாரிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. படம் ஆரவாரமாக இருக்கும்போது வரம்பை மீறுவார்கள். பெரிய தலைவலி திரும்பி வருவதில்தான். அடுத்த உந்தலுக்கு முன் மேடை நடுநிலைக்கு வந்தாக வேண்டும், அது பயணிக்குத் தெரியக் கூடாது. அதற்கான அவகாசத்தைப் படம்தான் தர வேண்டும். கதைக்குத் தேவையில்லாத ஒரு சுரங்கப்பாதை சவாரிப் படத்தில் நீண்டுகொண்டே போனால், காரணம் மேடையை அசைக்கும் பிஸ்டனாக இருக்கலாம்.

வேகத்தைக் காட்டுவது தூரத்து மலை அல்ல; பக்கத்தில் கடந்துபோகும் தூண், கம்பி, தூசு. வெற்று வானில் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் பயணி கொட்டாவிதான் விடுவார். கட் கூடாது: ஷாட் மாறினால் கண் வேறிடத்துக்குப் போய்விடும், உடல் பழைய இடத்திலேயே இருக்கும். இடம் மாறியே தீர வேண்டுமானால் புகையோ ஒளிவெள்ளமோ மறைப்பாக வரும். மானிட்டரில் மந்தமாகத் தெரியும் கேமரா நகர்வு, பார்வை முழுவதையும் அடைக்கும் திரையில் குமட்ட வைக்கலாம். 1991இல் ஃபுளோரிடாவின் யுனிவர்சலில் வந்த பேக் டு தி ஃபியூச்சர் சவாரிக்கு டக்ளஸ் ட்ரம்புல் படமெடுத்தது அப்படிப்பட்ட ஆம்னிமேக்ஸ் குவிமாடத் திரைக்காக. வேலை முடிந்ததா என்பதை மேசையில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது.

படமும் மேடையும் ஒரே டைம்கோடில் ஓடுகின்றன. விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் சுமார் 17 மில்லி விநாடி. கட்டளை வந்தவுடன் கனத்த மேடை நகர்ந்துவிடாது. புரொஜெக்டரும் தன் பங்குக்குத் தாமதிக்கும். இரண்டையும் அளந்து, வித்தியாசத்துக்கேற்ப மேடைக்கான கட்டளையை முன்னதாக அனுப்புகிறார்கள். மோதல் காட்சியில் கேமராவும் மேடையும் ஒருசேரக் குலுங்கினால் எதன்மேல் மோதினோம் என்பதே தெரியாது. படத்தில் இரண்டு மூன்று ஃபிரேம் அதிர்வு போதும். மீதியை இருக்கைக்கு விட்டுவிடலாம்.

1999இல் ஆர்லாண்டோவில் வந்த ஸ்பைடர்மேன் சவாரி இன்னொரு சிக்கலையும் சேர்த்துக்கொண்டது. அங்கே அசையும் மேடையே பாதையில் ஓடி, திரை திரையாகக் கடக்கிறது. திரை நிற்கிறது, பார்ப்பவர் நகர்கிறார். ஆகவே அந்தந்தக் கணத்தில் வண்டி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் சரியாகத் தெரியும்படி படத்தை நெளித்து உருவாக்கினார்கள். அசையாமல் ஓரிடத்தில் நின்று பார்ப்பவருக்குக் கட்டடங்கள் வளைந்து இழுபடும். இங்கே கடிகாரம் மட்டும் போதாது. வண்டி வந்துசேரும் நேரமும் படத்தோடு பொருந்த வேண்டும். அப்போதும் கணக்கு ஒரு பார்வைப் புள்ளிக்குத்தான் சரியாக வரும். மூன்று வரிசையில் அமரும் 12 பேரில், அதிலிருந்து விலகி உட்கார்ந்தவருக்குக் கொஞ்சம் கோணல் மிஞ்சும்.