குடியும் மராமத்தும்

வீட்டில் பழுது பார்ப்பதற்கு மராத்தியில் ‘டாகடுஜி’ என்றொரு சொல் வழங்குகிறது. பெருங்கட்டுமானத்தை அது குறிப்பதில்லை. நகர்ந்துவிட்ட ஓடு, உதிரும் காரை, இறுக மூடாத குழாய், சன்னல் மூலையில் விழுந்த கீறல் எனச் சிறிது சிறிதாகச் செய்து முடிக்க வேண்டியவற்றின் மொத்தப் பெயர் அது. தமிழில் அதற்கு ஈடான ‘மராமத்து’ அரபு மூலத்தது. பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தது. வந்த சொல் வீட்டுக்குள் அதிகம் தங்கவில்லை. ‘மராமத்து இலாகா’ என அரசு அலுவலகத்தில் போய் அமர்ந்துகொண்டது. ஏரிக்கரையில் மட்டும் அது ‘குடி’ என்னும் நம் தொன்மையான சொல்லோடு கைகோத்துக் ‘குடிமராமத்து’ ஆயிற்று. நீரைப் பயன்படுத்துவோரே கரையையும் காக்க வேண்டும் என்னும் வழக்கத்தின் பெயர் அது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தை ஏட்டில் ஏற்றியது. 2017இல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தை மீண்டும் தொடங்கியது.

ஏரிக்கு இப்படி ஒரு விடை இருக்கிறது. வீட்டுக்கு? அதில் குடியிருப்பவர் ஒருவர், அதற்கு உரிமையாளர் வேறொருவர் என்றால் மராமத்து யாருடையது? ஆண்டு முழுவதும் எழாத இக்கேள்வி, புத்தாண்டு நெருங்கும்போது எழுந்து நிற்கிறது.

புனே நகரத்தில் அது ஒருமுறை மட்டும் எழுவதில்லை. தீபாவளியை ஒட்டிய பாட்வாவில் வணிகர்களின் புதுக்கணக்கு, ஜனவரி முதல் நாள், சைத்திரத்தின் தொடக்கமான குடிபாட்வா என ஆண்டு அங்கே பலமுறை பிறக்கிறது. கட்கி, ராஸ்தா பேட் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சித்திரை ஒன்றாம் நாளும் உண்டு. (‘பேட்’ வேறெதுவுமன்று, நம் பேட்டையேதான். ‘குடிபாட்வா’வின் குடிக்கும் நம் குடிக்கும் உறவில்லை. அங்கே அது வாசலில் நாட்டும் அலங்கரித்த கொம்பு. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிவது எழுத்தின் குற்றம்.) ஒவ்வொரு பிறப்புக்கு முன்னும் வீடு ஒழுங்குபெற்றாக வேண்டும்.

இந்த ஒழுங்குக்குப் பக்தி மட்டும் காரணமன்று. புனேயில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடும். எந்தச் சுவர் நீரை உறிஞ்சியது, எந்த ஓட்டின் கீழே பாத்திரம் வைக்க நேர்ந்தது என்பதெல்லாம் அந்நான்கு மாதங்களில் தெரிந்துவிடும். அதன்பின் அக்டோபர் முதல் மே வரை சுவர் காயும் காலம். தீபாவளியும் குடிபாட்வாவும் அக்காலத்துக்குள் விழுகின்றன. தவற விடக்கூடாத வேலைக்குப் பஞ்சாங்கத்தில் ஒரு நாள் குறித்து வைத்தார்கள் என்று கொள்வதில் தவறில்லை.

குடிபாட்வா அன்று மூங்கில் கொம்பில் பட்டுத்துணி கட்டி, வேப்பிலை, மாவிலை, சர்க்கரை மாலை ஆகியவற்றைச் சேர்த்து, உச்சியில் ஒரு செம்பைக் கவிழ்த்து வைக்கிறார்கள். அச்செம்பு துலங்க வேண்டும். கஸ்பா பேட்டில் ‘தாம்பட் ஆளி’ என்னும் கன்னார் தெரு இருக்கிறது. அங்கே சுத்தியல் ஓசை இன்னும் கேட்கிறது. செப்புப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசுவதை மராத்தியில் ‘கல்ஹயீ’ என்பர். தமிழில் முன்பு ‘கலாய்’ என்றனர். இன்றைய மாணவருக்கு அச்சொல் வேறொன்றைத்தான் நினைவூட்டும். பூச்சுத் தேய்ந்த செம்பில் புளி ஊறினால் களிம்பு உணவில் இறங்கும்; ஆதலால் மறுபூச்சு என்பது அழகுக்காகச் செய்யும் வேலையன்று.

போகியை இங்கே குறிப்பிடாமல் செல்ல இயலாது. சங்கராந்திக்கு முந்தைய நாள் மராட்டியத்திலும் ‘போகி’தான். ஆனால் அங்கே எதையும் எரிப்பதில்லை. குளிர்காலக் காய்கள் பலவற்றையும் ஒன்றாக வேகவைத்து, எள் தூவிய கம்பு ரொட்டியுடன் உண்கிறார்கள். தமிழ்நாட்டில் அதே பெயருள்ள நாளில் பாயும் முறமும் தெருவில் எரிகின்றன. கழிப்பதை நியாயப்படுத்த நன்னூலில் இருந்து ஒரு நூற்பாவையும் மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பவணந்தி முனிவர் அதில் பேசியது மொழி காலப்போக்கில் அடையும் மாற்றத்தைப் பற்றி. கிழிந்த பாயைப் பற்றியன்று. பழையதை எரிப்பது எளிது. பழையதைப் பழுது பார்த்து மீண்டும் வைத்துக்கொள்வதற்குத் தனியாக ஒரு நாளை நாம் ஒதுக்கவில்லை. போகிக்கு முந்தைய வாரத்தில் வெள்ளையடிக்கும் வழக்கமே அந்த இடத்தை நிரப்பி வந்தது.

வெள்ளையடிப்பதைச் சற்று நின்று பார்க்கலாம். சுண்ணாம்புக்கல் சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவில் வெந்து சுட்ட சுண்ணாம்பு ஆகிறது. நீர் ஊற்றினால் கொதித்து நீறுகிறது. சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. சுவரின் மேல் பூசியது பூச்சு என்பதைவிடக் கல்லின் ஒரு மெல்லிய தோல் என்பதே பொருந்தும். நீறிய சுண்ணாம்பின் கடுங்காரத்தில் பூஞ்சையும் கிருமியும் வாழ்வது அரிது. சுவரின் ஈரம் வெளியேறவும் அது வழிவிடுகிறது. பழைய மண் சுவரின் மேலும் சுண்ணாம்புச் சாந்தின் மேலும் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, அடுத்த மழைக்காலத்தில் வண்ணம் கொப்புளித்து உரியும். புனேயின் பழைய ‘வாடா’க்களில் இதைக் கண்ணால் காணலாம். அடித்தளம் கருங்கல், மேலே மரச்சட்டமும் செங்கல்லும், அதன் மேல் பளபளக்கும் இளஞ்சிவப்பு வண்ணம், அதன் நடுவே கொப்புளம்.

இதே நகரத்தில் சுண்ணாம்பு அச்சத்தின் நிறமாகவும் இருந்தது. 1896இல் பம்பாயில் தோன்றிய கொள்ளைநோய் புனேக்கும் வந்தது. அதை ஒடுக்க வால்ட்டர் ரேண்ட் தலைமையில் ஒரு குழு அமைந்தது. 1897 மார்ச் நடுவில் படைவீரர்கள் வீடு வீடாகப் புகுந்தனர். அடுக்களைக்கும் பூசையறைக்கும் விலக்கில்லை. நோயாளிகளை இழுத்துச் சென்றனர், பொருள்களை எரித்தனர், தரையைத் தோண்டினர், கிருமிநீக்கி தெளித்துச் சுண்ணாம்பு அடித்தனர். மே மாதம் வரை நீடித்த அந்நடவடிக்கைக்கு நடுவேதான் அவ்வாண்டின் குடிபாட்வா வந்தது. வழக்கமாக வீட்டார் தம் கையால் செய்யும் வேலைகளில் பாதியை அவ்வாண்டு அந்நியர் கை செய்தது. நோயியல் நோக்கில் அவற்றுட் சில தேவையான வேலைகளே. ஆயினும் யார் கையால், யார் இசைவோடு என்ற வினா வேலையின் பொருளையே மாற்றிவிட்டது. ஜூன் 22 அன்று, விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து கணேஷ்கிண்ட் ஆளுநர் மாளிகையிலிருந்து திரும்பிய ரேண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டனர். அம்மாளிகைதான் 1949இல் தொடங்கிய புனே பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம். ஆய்வு மாணவர்கள் கையொப்பம் வாங்க அலையும் வளாகம் அது.

அரசு வீட்டுக்குள் புகுவது ஒரு வழி. சட்டமாக வந்து வாசலில் நிற்பது இன்னொரு வழி. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் எளியவரைத் தெருவுக்கு அனுப்பாமல் காத்தது. வாடகையையும் உறையச் செய்தது. இப்போது நடப்பிலுள்ள 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை என்கிறது. அவர் தவறினால் பதினைந்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வாடகைதாரரே பழுது பார்க்கலாம். செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஓராண்டுக் கழிவு அவ்வாண்டு வாடகையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஏட்டில் இது குடிமராமத்தேதான். உறைந்த வாடகையில் நான்கில் ஒரு பங்கு ஒரு கொத்தனாரின் சில நாள் கூலிக்குக்கூடப் போதாது என்பதுதான் சிக்கல். வருவாய் இல்லாத வீட்டுக்குச் செலவிட உரிமையாளருக்கு மனமில்லை. தனதல்லாத வீட்டுக்குச் செலவிடக் குடியிருப்பவருக்குத் துணிவில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன் மாநகராட்சி ஆபத்தான வாடாக்களுக்கு அறிவிக்கை ஒட்டுகிறது. இரு தரப்பாரும் அதைப் படிக்கிறார்கள்.

(வாடகை, மராத்தியின் ‘பாடே’ இரண்டும் ‘பாடக’ என்னும் ஒரே வடசொல்லிலிருந்து கிளைத்தவை. சொல்லில் உறவுண்டு, தொகையில்தான் இல்லை.)

மாணவரின் நிலை இவற்றினும் வேறு. அவர் கையிலிருப்பது வாடகை ஒப்பந்தமன்று. ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’. சட்டத்தின் கண்ணில் அவர் குடியிருப்பவர் அல்லர், இருக்க இசைவு பெற்றவர். காலம் பதினொரு மாதம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளுக்கே பதிவு கட்டாயம் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்கத் தோன்றிய கணக்கு அது. மராட்டியத்தில் இன்று எக்கால அளவுக்கும் பதிவு கட்டாயம். ஆனாலும் பதினொன்று போகவில்லை. பருவங்களின் ஒரு சுற்றுக்கு ஒரு மாதம் குறைவான காலம் அது. தாம் அடைத்த கீறல் அடுத்த மழையைத் தாங்கியதா என்று பார்க்க அவருக்கு வாய்ப்பு இல்லாமற் போகலாம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆய்வு செய்யும் ஒருவர் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் தம் அறையின் ஈரச்சுவரைப் பற்றி உரிமையாளரிடம் தொலைபேசியில் சொன்னார்.

“காகா, கட்டிலுக்குப் பின்னால் சுவர் பொரிந்து உதிர்கிறது. புத்தாண்டுக்குள் ஒருமுறை ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.”

“மழைதான் போய்விட்டதே, தம்பி. இனி எதற்கு?”

“ஜூலையிலும் சொன்னேன், காகா.”

“மழையில் யார் வந்து பூசுவார்கள்?”

இரண்டு விடைகளும் தனித்தனியே நியாயமானவை. இரண்டுக்கும் இடையில் ஆண்டு முடிந்துவிடுகிறது.

எஞ்சியவற்றை அவர் தாமே செய்தார். குழாயின் வாஷரை மாற்றினார். மின்விசிறி இறக்கைகளைத் துடைத்தார். சாக்கடை வாயில் முடியை எடுத்தார். சன்னல் கீறலில் வெள்ளை சிமெண்ட் அடைத்தார். நீர்த்தொட்டியைக் கழுவும் நாளை மற்ற அறைக்காரர்களோடு பேசி முடிவு செய்தார். ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தமையால் நாட்காட்டியைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டார். ஈரச்சுவரை மட்டும் தொடவில்லை. தொட்டால் முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள் என்பது அதற்கு முன் அங்கிருந்தவர் சொல்லிச் சென்ற பாடம்.

கறை வளர்கிறதா, நிற்கிறதா என்று அறிய அதன் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுவது பொறியாளர்களின் பழக்கம். அவரும் கட்டிலை நகர்த்திவிட்டுப் பென்சிலோடு குனிந்தார். அங்கே ஏற்கெனவே ஒரு கோடு இருந்தது. அருகே மராத்தி எண்களில் ஒரு தேதி. அதற்கு வெளியே, வேறொரு கையெழுத்தில் இன்னொரு கோடு. அவர் தம் கோட்டை அவ்விரண்டுக்கும் வெளியே, நான்கு விரற்கடை தள்ளி வரைந்தார். தேதியைத் தமிழ் எண்களில் எழுதிவிட்டுக் கட்டிலை மீண்டும் சுவரோடு சேர்த்தார்.