வத்தேகம மலைப்பாதையிலே

கண்டி மாநகரிலிருந்து வடகிழக்கே பத்துக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தொலைவில் அமைந்திருக்கின்றது வத்தேகம. வத்துகாமம் என்று சொல்வாரும் உளர். 1880ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட கண்டி - மாத்தளை இருப்புப்பாதை இவ்வூரின் ஊடாகவே செல்கின்றது. மலைமேல் விளைந்த கோப்பி கீழே இறங்கிய காலத்தின் நினைவுச் சின்னம் அது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஆயினும் வத்தேகம மலைக்கு வாயிலாகவே இன்றும் இருந்து வருகின்றது. இங்கிருந்து ஒரு பாதை எல்கடுவைப் பக்கமாக ஏறுகின்றது. மற்றொன்று பன்வில வழியாக நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தோட்டங்களை நோக்கிச் செல்கின்றது. மூடிய கையின் விரல் முட்டிகளைப் போலத் தோன்றுவதால் அம்மலைக்கு அப்பெயர் வந்தது. இலங்கையின் மத்திய மலைநாடு 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டபொழுது, இம்மலைக் காடும் அதில் ஒரு பகுதியாகச் சேர்ந்தது.

இவ்வழகைக் காண்பதற்கென்றே பலர் இப்பாதையில் வருகின்றனர். நாம் சென்ற ஆடி மாதத்தில் சென்றது வேறு காரியத்துக்காக. எமது பெரியம்மா பீலியடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கண்டி ஆசுபத்திரியில் சத்திர சிகிச்சை நடந்து, எலும்பும் சேரத் தொடங்கியிருந்தது. வைத்தியர் வீடு செல்ல அனுமதி தந்தார். "உட்கார்ந்தபடி போகலாம், ஆனால் குலுங்கக்கூடாது" என்ற ஒரே நிபந்தனையைத்தான் விதித்தார்.

நேயர்களே, அந்த ஒரு நிபந்தனையே எமக்கு மலையாயிற்று. பெரியம்மாவின் வீடு பன்வில ஊரைத் தாண்டி, தேயிலை மலைக்கு மேலே இருக்கின்றது. தார்ப்பாதை முடிந்த பின்னர் ஆறு கிலோமீற்றர் கல்பாதை. முற்காலத்தில் நோயாளியைக் கம்பளியில் கிடத்தி, அதைக் கம்பில் கட்டி, நால்வர் தோளில் சுமந்து இறக்குவார்களாம். இப்பொழுது ஒரு பழைய லேண்ட்ரோவர் ஜீப் இருக்கின்றது. காலையில் மரக்கறி மூட்டைகளை இறக்கும். மாலையில் ஆட்களை ஏற்றும்.

வீட்டைத் துப்புரவு செய்வதற்காக அந்த ஜீப்பில் ஒருமுறை மேலே சென்றோம். முதற் கல்லில் வண்டி சற்றே குலுங்கிற்று. இரண்டாவது கல்லில் இன்னும் சற்று. நாலாவது கல்லில் சம்மட்டியால் அடித்ததுபோல முதுகெலும்பில் இறங்கிற்று. நல்ல உடம்புக்கே இந்தப் பாடு என்றால், புதிதாகச் சேர்ந்த எலும்புக்கு என்ன நேரும்? வத்தேகமையிலேயே ஓர் அறை பிடித்துச் சில மாதம் தங்கலாம் என்று பெரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தோம். "நாலு சுவத்துக்குள்ள நான் யாரைப் பார்த்துத் தம்பி பேசுறது? செத்தாலும் என் வாசல்லதான்" என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வேளையிலேதான் எமது தமக்கையின் மகன் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்தான். அங்கே பனிவண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு கராஜில் அவனுக்கு வேலை. பனிவண்டி என்பது முன்னே இரு சறுக்குக் கட்டைகளும், பின்னே சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் இறப்பர்ப் பட்டியும் கொண்டது. பனி பஞ்சைப்போல மெத்தென்றிருக்கும் என்றுதான் நாம் எண்ணியிருந்தோம். "இல்லை மாமா, பல வண்டிகள் போன தடம் மேடும் பள்ளமுமா இறுகிப் போயிடும். நம்ம தோட்டத்து ரோட்டுதான், வெள்ளையடிச்ச மாதிரி" என்றான் அவன். அந்த மேடுகளின் மேல் ஓட்டுபவர் முதுகு நோகாமல் செல்வதற்காக, பின்பட்டிக்குள் இருக்கும் சொக் அப்சோபர்களைக் கழற்றி, உள்ளே இருக்கும் அடைப்புகளை மாற்றி அமைப்பதே அவனுடைய கைத்தொழில்.

மடவளைப் பாதையோரத்தில் ஒரு சிறு கராஜ். அதன் சொந்தக்காரரை ஊரார் யாவரும் நானா என்றே அழைப்பர். ஜீப்பை அங்கே கொண்டு சென்றோம். இருக்கையை ஆட்டிப் பார்த்த நானா, "இதை நான்தான் தம்பி இறுக்கி வச்சது. முன்னே வண்டி ரொம்பத் துள்ளுதுன்னு சொன்னாங்க. ஸ்பிரிங்குக்கு ஒரு பட்டை கூட்டினேன், சொக்குக்குத் தடிச்ச எண்ணெய் ஊத்தினேன்" என்று மறைக்காமல் சொன்னார். மருமகனும் அவரைக் குறை கூறவில்லை. "மூட்டை ஏத்துறதுக்கு அது சரிதான் நானா. ஆனா அம்மாயி மூட்டை இல்லையே" என்றான்.

இங்கே இவ்விரண்டு உறுப்புகளின் தொழிலை நேயர்களுக்குச் சொல்லுதல் வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். கல்லில் ஏறும்பொழுது அது மடங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கியதை வைத்துக்கொள்ளாது. உடனே திருப்பித் தள்ளும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஊஞ்சலைப்போல வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதே சொக் அப்சோபரின் வேலை. அது எண்ணெய் நிறைந்த ஒரு குழாய். அதனுள் தண்டின் நுனியில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகின்றது. பிஸ்டனில் சிறு துளைகள். துளைகளை மூடியபடி மெல்லிய உருக்குத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எண்ணெய் அத்தகடுகளை வளைத்துக்கொண்டு நெருக்கிப் பாய வேண்டும். அந்த நெருக்கத்தில் வண்டியின் ஆட்டம் வெப்பமாக மாறி வெளியேறிவிடுகின்றது. கரடுமுரடான பாதையில் ஓடி வந்தபின் அக்குழாய் சுடுவது இதனாலேதான்.

"பீலித் தொட்டியில கையை மெதுவா இறக்கிப் பாருங்க, தண்ணி வழி விடும். ஓங்கி அறைஞ்சா கல்லு மாதிரி இருக்கும். சொக்கும் அப்படித்தான்" என்று மருமகன் விளக்கினான். ஆகவே வண்டி எவ்வளவு வேகத்தில் ஓடுகின்றது என்பதல்ல, தண்டு எவ்வளவு வேகத்தில் அசைகின்றது என்பதே கணக்கு. வளைவில் வண்டி சாயும்பொழுது தண்டு மெதுவாக அசையும். கூரிய கல்லில் ஏறும்பொழுது மின்னலாக அசையும். முன்னதற்குத் தடை இருக்க வேண்டும். பின்னதற்கு வழி விட வேண்டும். எத்தனை தகடு, எவ்வளவு தடிப்பு, எவ்வளவு அகலம் என்பதைக் கொண்டு இவ்விரண்டையும் ஒழுங்கு செய்கின்றார்கள்.

அப்படியாயின் எமது ஜீப்பின் நோய் யாது? மருமகன் பின்பக்கத்துச் சொக்கின் தண்டிலே ஓர் இறப்பர் வளையத்தை இறுக மாட்டினான். தண்டு உள்ளே போகும்பொழுது வளையம் தள்ளப்பட்டு, எதுவரை போயிற்று என்பதைக் காட்டி நிற்கும். கல்பாதையில் சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தோம். வளையம் கடைசி எல்லையில் நின்றது. இவ்வளவு இறுக்கமான வண்டி எப்படி அடிவரை போயிற்று என்று நானா வியந்தார்.

அங்கேதான் மர்மம் இருந்தது. தடித்த எண்ணெயினால் தண்டு திரும்பி வெளியே வருவதற்கு அதிக நேரம் பிடித்தது. முதற் கல்லில் மடங்கிய ஸ்பிரிங் நிமிர்வதற்குள் அடுத்த கல் வந்துவிடுகின்றது. அது நிமிர்வதற்குள் மூன்றாவது. இப்படிச் சிறிது சிறிதாகக் கீழே அமிழ்ந்து, நாலாவது கல்லில் மடங்க இடமின்றி இரும்போடு இரும்பு மோதுகின்றது. நாம் வண்டி இறுகிவிட்டது என்று எண்ணினோம். உண்மையில் அது மூச்சுவிட நேரமின்றித் திணறிக்கொண்டிருந்தது.

நற்காலமாக, பின்பக்கத்துச் சோடி மூடியைக் கழற்றித் திறக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. ஒட்டி மூடப்பட்டவற்றை இவ்வாறு செய்ய இயலாது. அவற்றை மாற்றத்தான் வேண்டும். அழுத்தமான வாயு அடைக்கப்பட்டவற்றையோ, பழகாதவர் தொடவே கூடாது. தண்டு பீறிட்டு ஆளையே காயப்படுத்திவிடும். நானா மூடியைக் கழற்ற, மருமகன் தகடுகளை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கினான். தண்டு வெளிவரும் வழியை மூடியிருந்த தகடுகளில் மூன்றைக் குறைத்தான். மெல்லிய எண்ணெய் ஊற்றப்பட்டது. கூட்டியிருந்த ஸ்பிரிங் பட்டையை நானாவே கழற்றி, மற்றப் பட்டைகளின் இடையில் இருந்த துருவைச் சுரண்டிக் கிறீஸ் பூசினார். முன்பக்கத்துக்குப் புதிய சோடி ஒன்று வாங்கிப் பூட்டினோம்.

முதல் ஓட்டத்தில் ஏமாற்றமே கிடைத்தது. கல்லில் வண்டி மெத்தென்று சென்றது மெய்தான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஓடத்தைப்போல ஆடிச் சாய்ந்தது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். "மெதுமை ஒன்றுதான் சுகம் என்றால் ஊஞ்சலிலே போகலாமே" என்று நாம் சொன்னோம். மருமகன் சிரித்துக்கொண்டே மறுபடி திறந்து, எடுத்த மூன்று தகடுகளில் ஒன்றைத் திருப்பி வைத்தான். மீண்டும் ஓட்டினோம். வளைவில் ஆட்டம் அடங்கிற்று. இறப்பர் வளையம் எல்லைக்கு இரண்டு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டது. தாளளவு தடிப்புள்ள ஓர் உருக்குத் தகடு இவ்வளவு வேலை செய்யுமா என்று நானா அதைக் கையில் ஏந்தி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேநீர் குடிக்கும் வேளையில் மருமகன் ஒரு செய்தி சொன்னான். கனடாவில் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த யோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற இயந்திர வல்லுநருக்கு இரண்டு வயதில் ஒரு மகன் இருந்தான். 1934ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் குழந்தைக்கு வயிற்றில் கடும் நோய் கண்டது. பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்தமையால் ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்ல இயலவில்லை, குழந்தை இறந்துபோயிற்று. பனிமேல் ஓடும் வண்டியைச் செய்தே தீர்வது என்று முன்னமே முயன்றுகொண்டிருந்த அத்தந்தை, சில ஆண்டுகளில் எழுவர் அமர்ந்து செல்லும் வண்டியைச் செய்து விற்கலானார். அவருடைய வண்டிகள் நோயாளிகளையும் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தன. 1959ஆம் ஆண்டில் வந்த சிறிய ஸ்கிடூ வண்டியும் அவருடைய ஆலையிலிருந்து பிறந்ததே. இன்று விளையாட்டுக்கென்று பனியில் பறக்கும் வண்டிக்குப் பின்னே இப்படி ஒரு துயரம் இருக்கின்றது. நானா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இங்கேயும் அப்படி எத்தனையோ பிள்ளைகள் தம்பி" என்று மாத்திரம் சொன்னார்.

மறுவாரம் பெரியம்மாவைக் கண்டியிலிருந்து வத்தேகமை வரை வேனில் அழைத்து வந்தோம். அங்கே ஜீப்பின் முன்னிருக்கையில் தலையணைகளை வைத்து அமர்த்தினோம். சக்கரங்களின் காற்றையும் நானா சிறிது குறைத்துவிட்டார். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு எண்ணெய்க் காசை மாத்திரம் வாங்கிக்கொண்டு, "அம்மா, நல்லபடியா போய்ச் சேருங்க" என்று கதவைச் சாத்தினார்.

கல்பாதை தொடங்கிற்று. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் அமர்ந்திருந்தோம். சாரதி நடை வேகத்திலேயே ஓட்டினார். சக்கரங்கள் ஏறி இறங்கின. இருக்கையோ ஒரு பெருமூச்சைப்போல உயர்ந்து தாழ்ந்தது. பாதி வழியில் பெரியம்மா ஒரு முறை முனகினார். பதறிப்போய் என்ன என்று கேட்டோம். "அந்த மலையில கொழுந்தை முத்த விட்டுட்டாங்க தம்பி, யாரும் எடுக்கலியா?" என்றார். அதன் பின்னரே எமக்கு மூச்சு வந்தது. வாசலில் அயலார் காத்திருந்தனர். அன்றிரவு வலி மாத்திரை கேட்காமலே அவர் உறங்கினார்.

இப்பயணத்தில் நாம் கற்றது சிறிய பாடமே. தாங்குவது என்றால் விறைத்து நிற்பதல்ல, தளர்ந்து விடுவதுமல்ல. வந்த அடியை வாங்கி, அடுத்தது வருமுன் நிமிர்ந்துகொள்வதே தாங்குவதாகும். இதை நாம் சொக் அப்சோபரிடம் கற்றோமா, பெரியம்மாவிடம் கற்றோமா என்பது எமக்கே விளங்கவில்லை.

நேயர்களும் நோயாளியை மலைப்பாதையில் அழைத்துச் செல்ல நேரின், முன்கூட்டியே வண்டியை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு மூலையை அழுத்தி விடுங்கள். அது ஒரு தடவை எழுந்து அமைதி கொள்ள வேண்டும். மேலும் மேலும் துள்ளினாலும் குற்றம். எழாமல் தயங்கினாலும் குற்றம். இருப்பினும் ஒன்றை மறத்தலாகாது. வண்டியைத் திருத்த ஒரு நானாவும் ஒரு மருமகனும் போதும். அந்த ஆறு கிலோமீற்றர் பாதையைத் திருத்த அவர்களால் ஆகாது. பெரியம்மா ஆறு மாதத்தில் மீண்டும் வைத்தியரைக் காணக் கீழே இறங்க வேண்டும். அந்தக் கற்கள் அதே இடத்தில்தான் கிடக்கின்றன.